இன்னும் நான்கு வெயில்

மார்கழி கழிந்து தை பிறந்துவிட்டால், நம் அறைவீட்டுத் திண்ணையில் ஒரு மணம் வந்து குடியேறும். மறைக்கல்வி வகுப்புக்கு வரும் சிறுவரின் சட்டைப் பைகளிலிருந்தும் சிறுமியரின் பாவாடை மடிப்புகளிலிருந்தும் எழும் இலந்தைப் பழத்தின் மணம் அது. வகுப்பு முடிந்த பின் திண்ணையைக் கூட்டும் உபதேசியார், குவித்து வைத்த கொட்டைகளைச் சுட்டிக்காட்டி நம்மிடம் முறையிடுவார். நாமும் பிள்ளைகளைக் கண்டிப்பதுபோல் இரண்டு சொல் சொல்லி வைப்போம். ஆயினும், போகிற போக்கில் ஒரு சிறுமி, "இந்தாங்க சாமி" என்று உள்ளங்கை வியர்வையோடு நீட்டும் நான்கு பழங்களை வேண்டாம் என மறுக்கும் துணிவு நமக்கு இன்றுவரை வந்ததில்லை.

அன்புள்ள வாசகர்களே! காசுக்கு ஒரு கையளவு எனப் பள்ளி வாசலில் விற்கப்பட்ட இவ்வெளிய கனியைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என நீங்கள் வினவலாம். இக்கனி நமக்கு ஒரு பாடம் கற்பித்தது. அப்பாடத்திற்குரிய கட்டணத்தைச் செலுத்தியவர் நாமல்லோம். நாம் முன்பு பணியாற்றிய ஒரு கரிசல் காட்டுப் பங்கின் ஏழு ஏழைப் பெண்களே செலுத்தினர். அக்கடனை நினைவுகூரவும், அதே தவறு உங்கள் இல்லத்து அடுக்களையில் நேராதிருக்கவுமே இதனை எழுதத் துணிந்தோம்.

இலந்தை மரம் வறண்ட நிலத்தின் பிள்ளை. செம்மண் மேட்டிலும், கரிசல் ஓடைக் கரையிலும், நட்டவர் எவரென ஊரார் அறியாத இடங்களிலும் அது தானே வளர்ந்து நிற்கும். ஆணிவேரை ஆழச் செலுத்தி அடிமண்ணின் ஈரத்தைத் தேடிப் பிடிக்கும். கோடை முற்றும்போது இலைகளை உதிர்த்துத் தன் செலவைச் சுருக்கிக்கொள்ளும். அதன் கணுக்களில் பெரும்பாலும் இரண்டு முட்கள் இணைந்திருக்கும். ஒன்று நேரானது, மற்றது கொக்கிபோல் வளைந்தது. நேரானது குத்தும், வளைந்தது பிடித்துக்கொண்டு விடாது. இலந்தை பறிக்கப் போய்ச் சட்டையைக் கிழித்துக்கொண்டு வந்து தாயிடம் அடிவாங்காத பிள்ளை அக்காலத்தில் எந்த ஊரிலும் இருந்திருக்க மாட்டான், நாமும் விதிவிலக்கல்லோம்.

இம்மரத்தின் உறவுமரம் ஒன்று பாலஸ்தீன நாட்டில் வளர்கிறது. சுவீடன் நாட்டுத் தாவரவியல் அறிஞர் லின்னேயஸ் 1753-ஆம் ஆண்டில் அதனைத் தம் நூலில் பதிவு செய்தபோது, 'கிறிஸ்துவின் முள்' எனப் பொருள்படும் இலத்தீன் சொற்களையே அதன் பெயரில் அமைத்தார். நம் ஆண்டவரின் திருமுடியில் அழுத்தப்பட்ட முள்முடி இம்மரத்தின் கிளைகளால் பின்னப்பட்டது என்பது நெடுங்கால மரபு. நற்செய்தியாளர்கள் முள்ளின் இனத்தைக் குறிப்பிடவில்லையாதலால், மரபை மரபாகவே கொள்வது முறை. ஆயினும், தவக்காலத்தை ஒட்டி இலந்தை பழுக்கும் நம் நாட்டில், பழத்தைப் பறிக்கும் விரலில் முள் தைக்கும்போது அந்நினைவு வராமல் போவதில்லை.

வறண்ட மண்ணில் வளரும் இம்மரத்தின் கனியில் மிகுந்திருப்பது யாதெனில், நீரே. நன்கு பழுத்த பச்சை இலந்தையின் சதையை 100 கிராம் எடுத்துக்கொண்டால், அதில் ஏறத்தாழ 80 கிராம் தண்ணீர். இனத்தையும் பழுத்த நிலையையும் பொறுத்து இவ்வளவு சற்றுக் கூடும், குறையும். காய் பச்சையிலிருந்து மஞ்சளாகி, மஞ்சளிலிருந்து செம்பழுப்பாகி, இறுதியில் தோல் சுருங்கும் நிலையை எட்டும்போது, நீர் குறைந்து இனிப்பு ஏறும். மரத்திலேயே தோல் சுருங்கிய பழத்திற்குச் சிறுவர் சண்டையிடுவதன் காரணம் இதுவே.

எஞ்சிய 20 கிராமில் பெரும்பங்கு சர்க்கரையும் பிற மாவுப் பொருள்களும். அவை 17 முதல் 20 கிராம் வரை இருக்கும். புரதம் ஒரு கிராம் அளவில் உண்டு. கொழுப்பு இல்லை என்றே சொல்லிவிடலாம். பொட்டாசியம் 250 மில்லிகிராம் அளவிலும், சுண்ணாம்புச் சத்து, பாஸ்பரஸ், இரும்பு ஆகியவை சிறிய அளவிலும் அமைந்துள்ளன. இக்கனியின் பெருமை வைட்டமின் 'சி' என்னும் உயிர்ச்சத்திலேயே இருக்கிறது. நூறு கிராமில் 65 முதல் 75 மில்லிகிராம் வரை அது காணப்படுகிறது. நெல்லிக்கும் கொய்யாவுக்கும் பின்னே நின்றாலும், விலையுயர்ந்த ஆரஞ்சுக்கு முன்னே நிற்கத் தக்கது நம் ஏழை இலந்தை. இராஜஸ்தானத்துப் பிகானேரில் வறண்ட நிலத் தோட்டக்கலைக்கென அமைந்த மத்திய ஆராய்ச்சி நிலையம் இம்மரத்தைத் தன் முக்கியப் பயிர்களுள் ஒன்றாகப் பேணி வருவதில் வியப்பில்லை.

நீர் மிகுந்த இக்கனி பறித்த சில நாள்களிலேயே குழைந்து கெட்டுவிடும். ஆகவேதான் நம் முன்னோர் அதை உலர்த்தி வைத்தனர். சீன தேசத்தில் இதன் மற்றோர் உறவினத்தைச் செந்நிறமாகப் பழுக்கவிட்டு முழுப் பழமாகவே உலர்த்துவர். அது இன்று நம் நகரக் கடைகளிலும் கிடைக்கிறது. நம் தென்பாண்டிச் சீமையிலோ பழத்தை உரலில் இட்டு, உப்பு, மிளகாய், வெல்லம், பெருங்காயம் சேர்த்து இடித்து, வட்டமாகத் தட்டி வெயிலில் காயவைப்பர். அதுவே இலந்தை வடை. கொட்டையோடு இடிப்போரும் உண்டு. கொட்டையை நீக்கி இடிப்போரும் உண்டு. நாம் சொல்லப்போகும் பெண்கள் கொட்டையை நீக்கியே இடித்தனர்.

அது 2009-ஆம் ஆண்டு. நாம் அப்பங்குக்கு மாற்றலாகி வந்து ஈராண்டு நிறைந்திருந்தது. அங்கே ஏழு பெண்கள் சேர்ந்து ஒரு சிறு சேமிப்புக் குழு நடத்தி வந்தனர். அவர்களுள் இருவர் கைம்பெண்கள். மூத்தவர் எழுபதைக் கடந்த ஒரு பாட்டி. பிப்ரவரி 11-ஆம் நாள் லூர்து அன்னை திருவிழாவுக்கு அண்டை ஊர் ஆலயத்தில் பெருங்கூட்டம் கூடும். அங்கே ஒரு சிறு கடை போட்டு இலந்தை வடை விற்கலாம் என்னும் எண்ணத்தை அவர்களுக்கு ஊட்டியவர் நாமே. குழுவின் சேமிப்பிலிருந்து 1,800 ரூபாய் எடுத்துப் பழமும் வெல்லமும் உறைகளும் வாங்கினர். கொட்டை நீக்கிய சதை 30 கிலோ தேறிற்று. அதனுடன் 4 கிலோ வெல்லமும், உப்பும் மிளகாயும் பெருங்காயமுமாக ஏறத்தாழ ஒரு கிலோவும் சேர்ந்தன. மூன்று நாள் இரவும் பகலும் உரல் ஓசை கேட்டுக்கொண்டே இருந்தது.

யோசனை கூறியதோடு நாம் நின்றிருக்கலாம்; நிற்கவில்லை. வடைகள் சற்றே தடிப்பாக இருந்தால் பார்வைக்கு எடுப்பாகவும், எடைக்குத் தக்கதாகவும் இருக்குமென்றோம். ஓலைப் பெட்டியில் விற்றால் நகரத்தார் வாங்கமாட்டார். பாலித்தீன் உறையில் இட்டு ஒட்டிவிட வேண்டும் என்றோம். பீடத்தில் எரிந்து மிஞ்சிய மெழுகுவர்த்தித் துண்டுகளை நாமே எடுத்துக் கொடுத்து, அரம்பத் தகட்டில் உறையின் வாயை மடித்துச் சுடரில் காட்டி ஒட்டும் முறையையும் கற்பித்தோம். கல்லூரியில் வேதியியல் பயின்ற பெருமிதம் நமக்கு.

நான்கு நாள் வெயில் காய்ந்தது. வடைகள் தொடுவதற்கு உலர்ந்து, மேலே பளபளப்பும் கண்டிருந்தன. ஒட்டத் தொடங்கலாம் என்றோம். அப்போது பாட்டி ஒரு வடையை எடுத்து இரண்டு விரல்களுக்கிடையே வளைத்துப் பார்த்தார். முறத்தில் சிலவற்றைப் போட்டுக் குலுக்கிக் காதை வைத்துக் கேட்டார்.

"இன்னும் நாலு வெயில் காட்டணும் சாமி" என்றார்.

"பாட்டி, தொட்டுப் பாருங்கள், நன்றாகக் காய்ந்துவிட்டதே" என்றோம் நாம்.

"தொட்டா காஞ்சுதான் இருக்கும் சாமி. ஈரம் உள்ள தூங்குது. ராத்திரி பானையில போட்டு மூடி வச்சு, காலையில திறந்து பார்த்தா வேர்த்திருக்கும். வேர்க்காத அன்னைக்குத்தான் காஞ்சதுன்னு அர்த்தம்."

திருவிழாவுக்கு இன்னும் இரு வாரங்களே இருந்தன. உறை ஒட்டவும், விலைச்சீட்டு எழுதவும் நாள் வேண்டும் என்று கருதினோம். பாட்டியின் சொல்லைப் பழங்கால வழக்கம் என எண்ணிப் புன்னகையோடு கடந்துவிட்டோம். அவரும் மறுத்துப் பேசவில்லை. பங்குச் சாமி சொன்ன பிறகு மறுத்துப் பேசும் வழக்கம் அவர்களுக்கு இல்லை. அவ்வழக்கம் இல்லாமையே அன்று நமக்குத் தீங்காயிற்று. சனவரி இறுதியில், ஐம்பது கிராம் வீதம் 300 உறைகள் நிறைந்தன. 15 கிலோ தேறியதைக் கண்டு நாம் மகிழ்ந்து, கணக்கு நோட்டில் நம் கையாலேயே எழுதி வைத்தோம்.

திருவிழாவின் முன்னாள் காலை, பெட்டிகளை வண்டியில் ஏற்றுமுன் ஓர் உறையை எடுத்துப் பார்த்த இளம் கைம்பெண் ஒன்றும் பேசாமல் அதை நம்மிடம் நீட்டினார். உறையின் உட்புறம் நீர்த்துளிகள் படர்ந்திருந்தன. வடையின் ஓரத்தில் சாம்பல் வெண்மையாகப் பூசணம் பூத்திருந்தது. அடுத்த உறையைப் பார்த்தோம், அதற்கடுத்ததையும் பார்த்தோம். பாதிக்கு மேற்பட்டவற்றில் அதே கோலம்.

சற்று நேரம் எவரும் வாய் திறக்கவில்லை. பிறகு ஒருவர் மெல்லக் கேட்டார்: "சாமி, துடைச்சுட்டு ஒரு வெயில் காட்டுனா ஆகாதா? திருநாக் கூட்டத்துல யாரு உத்துப் பார்க்கப் போறாங்க?" அக்கேள்வியில் வஞ்சகம் இல்லை, 1,800 ரூபாய் இருந்தது. ஏழு பேரின் ஓராண்டுச் சேமிப்பு இருந்தது. இரண்டு கணப்பொழுது நம் மனமும் சாய்ந்தது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். ஆனால் திருவிழாக் கடையில் இலந்தை வடைக்குக் கை நீட்டுபவர் யார்? குழந்தைகளே அன்றோ! பூசணத்தை மேலே துடைத்துவிடலாம். அதன் நுண்ணிய இழைகள் உள்ளே ஓடியிருக்கும். சிலவகைப் பூஞ்சைகள் கண்ணுக்குத் தெரியாத நஞ்சையும் விட்டுச் செல்லும். அந்நஞ்சு வெயிலுக்கும் அடுப்புச் சூட்டுக்கும் எளிதில் அழியாது. 1960-ஆம் ஆண்டு இங்கிலாந்தில், பூஞ்சை பிடித்த நிலக்கடலைப் பிண்ணாக்கைத் தின்ற வான்கோழிகள் ஒரு லட்சத்திற்கும் மேல் மாண்ட பிறகே உலகம் அந்நஞ்சின் கொடுமையை உணர்ந்தது.

"வேண்டாம் அம்மா, குழி வெட்டிப் புதைத்துவிடுவோம்" என்றோம். நல்லவை போல் தோன்றியவற்றையும் சேர்த்தே புதைத்தோம். அறைவீட்டின் பின்புறம் குழி வெட்டும்போது, மண்வெட்டியை நம் கையிலிருந்து வாங்க உபதேசியார் முயன்றார், கொடுக்கவில்லை. பாட்டி மட்டும் அருகில் வந்து, "விடுங்க சாமி. மரம் அடுத்த வருசமும் காய்க்கும்" என்றார். 'நான் அப்போதே சொன்னேனே' என்று ஒரு சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை. வந்திருந்தால் நமக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

அந்த 1,800 ரூபாயை நாம் ஈடுசெய்தோம். மூன்று நாள் உரலில் இடித்துக் கொப்பளித்த கைகளுக்கு ஈடு செய்யும் நாணயம் எதுவும் நம்மிடம் இல்லை.

ஒரு கல்லூரியில் உணவியல் கற்பித்து வந்த அருட்சகோதரி ஒருவருக்கு, நடந்ததை ஒளிக்காமல் கடிதம் எழுதினோம். எடைகளையும் குறித்து அனுப்பினோம். அவரிடமிருந்து வந்த நீண்ட மறுமொழியில், நம் கணக்கு நோட்டில் நாமே பெருமையோடு எழுதிய '15 கிலோ' என்னும் எண் அடிக்கோடிடப்பட்டிருந்தது. அவர் விளக்கியதை நம் சொற்களில் தருகிறோம்.

முதலில், நீரின் கணக்கு. ஒரு கிலோ பழச்சதையில் நூற்றுக்கு 80 பங்கு நீர் என்றால், 800 கிராம் நீர், 200 கிராம் திடப்பொருள். அதனை நூற்றுக்கு 20 பங்கு ஈரம் உள்ளதாக உலர்த்த வேண்டும். எண்பதிலிருந்து இருபது போனால் அறுபது. ஆகவே ஒரு கிலோவில் 600 கிராம் நீரை நீக்கினால் போதும் எனப் பலரும் எண்ணுவர். நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். அது பிழை. திடப்பொருள் 200 கிராம் அப்படியே இருக்க, அது மொத்த எடையில் நூற்றுக்கு 80 பங்காக வேண்டுமாயின், மொத்த எடை 250 கிராமாக இறங்க வேண்டும். அதாவது, 800 கிராம் நீரில் 750 கிராம் வெளியேற வேண்டும். பழம் தன் எடையில் நான்கில் ஒரு பங்காகச் சுருங்கினால்தான் அது உலர்ந்த பழம்.

இனி நம் வடைக்கு வருவோம். 30 கிலோ சதையில் திடப்பொருள் 6 கிலோ. வெல்லமும் உப்பும் பிறவும் 5 கிலோ. ஆக 11 கிலோ. நூற்றுக்கு 20 பங்கு ஈரத்தோடு அது 13¾ கிலோ ஆக வேண்டும். நம்மிடம் இருந்ததோ 15 கிலோ. எஞ்சிய ஒன்றேகால் கிலோ யாது? தண்ணீர்! எதைக் கண்டு இலாபம் என மகிழ்ந்தோமோ, அதுவே குழிக்குள் நம்மை இட்டுச்சென்ற நீர். பாட்டியின் காது கேட்டதைத் தராசும் சொல்லியிருக்கிறது. நமக்கு அந்த எண்ணைப் படிக்கத் தெரியவில்லை.

இரண்டாவது, நீரின் இருப்பிடம். வெயிலில் வைத்தவுடன் மேற்பரப்பின் நீர் விரைந்து ஆவியாகிறது. அதன் பின்னர் உள்ளிருக்கும் நீர் சிறிது சிறிதாக மேலே நகர்ந்து வந்தாக வேண்டும். அது மிக மெதுவான பயணம். தடிப்பு இரு மடங்கானால் அப்பயணத்திற்கு ஏறத்தாழ நான்கு மடங்கு காலம் வேண்டும். கடும் வெயிலில் மேற்புறம் விரைந்து இறுகிவிட்டால், அந்த இறுகிய ஓடே உள் ஈரத்திற்குக் கதவடைத்துவிடும். முழுப் பழத்திலோ, தோலின்மேல் இயல்பாகவே உள்ள மெல்லிய மெழுகுப் பூச்சும் தடையாக நிற்கும். இந்நிலையில் உள்ள பண்டத்தைக் காற்றுப்புகா உறையில் அடைத்தால் என்னாகும்? நடுவின் ஈரம் வெளிப்பரப்புக்கு வரும், உறைக்குள் ஆவியாகும், தை மாதக் குளிரிரவில் உறையின் உட்புறத்தில் துளியாகப் படியும், அத்துளி மீண்டும் வடையின்மேல் சொட்டும். பூசணத்திற்கு அதைவிட நல்ல விளைநிலம் வேண்டுவதில்லை. பாட்டி கூறிய 'பானையில் வேர்க்க விடுதல்' இதற்கு மாற்று மருந்து. இரவில் மூடி வைத்தால் உள் ஈரமும் வெளி உலர்வும் சமமாகின்றன. மறுநாள் வெயில் அந்த ஈரத்தை எளிதாகக் கொண்டுபோகிறது. உலர்பழத் தொழிலிலும் இம்முறையைக் கையாளுகின்றனர்.

மூன்றாவது, நீரின் சுதந்திரம். நெல்லை நூற்றுக்கு 14 பங்கு ஈரத்திற்கு மேல் குதிரில் கொட்டினால் கெட்டுவிடும் என்பதை உழவர் அறிவர். ஆனால் உலர்ந்த இலந்தை 20 பங்கு ஈரத்தோடும் மாதக்கணக்கில் கெடாமல் இருக்கிறதே, எப்படி? சர்க்கரையும் உப்பும் நீரைத் தம்மோடு பிணைத்து வைத்துக்கொள்வதே காரணம். கடல் நடுவே தோணியில் இருப்பவனைச் சுற்றிலும் நீர்தான். ஆயினும் அவன் தாகத்தால் மடிவான். இனிப்பேறிய உலர்கனியின்மேல் விழுந்த பூஞ்சை வித்தின் நிலையும் அத்தகையதே. நுண்ணுயிர் வளர்வதை முடிவு செய்வது நீரின் மொத்த அளவன்று, கட்டுப்படாத நீரின் நிலையே என்பதை 1953-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய ஆய்வாளர் டபிள்யூ. ஜே. ஸ்காட் தெளிவாக நிறுவினார். தூய நீரை 1 எனக் கொண்டு அளக்கும் அவ்வளவையில், பெரும்பாலான பாக்டீரியாக்கள் 0.9 அளவிலேயே நின்றுவிடும். வழக்கமான பூஞ்சைகள் 0.8 அளவில் சோர்ந்துவிடும், 0.6-க்குக் கீழே எதுவும் வளராது. நம் வடையின் நடுப்பகுதி அன்று எந்த எண்ணில் இருந்ததென அளக்க நம்மிடம் கருவியில்லை. உறைக்குள் படிந்த துளிகளே போதிய சான்று.

ஆய்வுக்கூடத்தில் ஈரத்தை அளப்பதற்கும் பொறுமை வேண்டும் என அச்சகோதரி எழுதியிருந்தார். சர்க்கரை மிகுந்த பழத்தை மிகுசூட்டில் வைத்தால் சர்க்கரையே சிதைந்து எடை குறைந்து, கணக்கு பொய்யாகிவிடும். எனவே காற்றழுத்தம் குறைக்கப்பட்ட அடுப்பில் 70 பாகைச் சூட்டில் பல மணி நேரம் வைத்தே நிறுப்பராம். அவசரம் ஆய்வுக்கூடத்திலும் பொய் சொல்லும்.

மறு ஆண்டு மரம் காய்த்தது. பாட்டி சொன்னது பொய்க்கவில்லை. அப்பெண்கள் மீண்டும் முன்வருவார்களோ எனத் தயங்கினோம். அவர்களே வந்து அழைத்தனர். இம்முறை யோசனை கூறும் பொறுப்பைப் பாட்டியிடம் விட்டு, நிறுக்கும் பொறுப்பை மட்டும் நாம் ஏற்றோம். அதே அளவு சதை, அதே அளவு வெல்லம். வடை மட்டும் மெல்லியது. ஒரு தட்டில் சரியாக ஆயிரம் கிராம் ஈர வடையைத் தனியே வைத்து, மாலைதோறும் நிறுத்தோம். முதல் வெயிலில் 300 கிராம் இறங்கிற்று, இரண்டாம் வெயிலில் 150, மூன்றாவதில் 80, நான்காவதில் 45, ஐந்தாவதில் 25, ஆறாவதில் 10. வெயில் ஒன்றே, ஆயினும் ஒவ்வொரு நாளும் பழம் கொடுக்கும் நீர் குறைந்துகொண்டே வந்தது. முதல் நீர் தானே வரும். கடைசி நீரைக் காத்திருந்துதான் பெற வேண்டும். தட்டின் எடை 390 கிராமில் நின்ற மாலை, பாட்டி முறத்தைக் குலுக்கிக் கேட்டுவிட்டு, "இப்பச் சரி சாமி" என்றார். தராசும் அதையே சொல்லிற்று.

அவ்வாண்டு 270 உறைகளே தேறின. முந்திய ஆண்டைவிட முப்பது குறைவு. ஒன்றிலும் வேர்வை இல்லை. திருவிழா நாளில் பிற்பகலுக்குள் அத்தனையும் விற்றுத் தீர்ந்தன.

இல்லத்தரசியருக்கு நாம் கூற விரும்புவன சில உண்டு. நீங்கள் இலந்தையையோ, மாங்காயையோ, வேறு எதையோ உலர்த்தும்போது, காய்ந்துவிட்டதாகத் தோன்றிய பின் சிலவற்றை ஈரமற்ற கண்ணாடிப் புட்டியில் இட்டு இறுக மூடி ஓர் இரவும் பகலும் வையுங்கள். கண்ணாடியில் மூச்சுப் பட்டதுபோல் மங்கல் கண்டால், மீண்டும் வெயிலுக்கு எடுத்துச் செல்லுங்கள். சூடாக இருக்கும்போது அடைக்காதீர்கள், ஆறவிட்டு அடையுங்கள். மழைக்காலத்தில் திறந்து வைக்காதீர்கள். உலர்ந்த பண்டம் ஈரக்காற்றிலிருந்து நீரை மீண்டும் உறிஞ்சிக்கொள்ளும். பூசணம் கண்டதைத் துடைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள்.

மேலும் ஒன்று. உலர்த்தும்போது நீர் மட்டும் போவதில்லை. பச்சைப் பழத்தின் வைட்டமின் 'சி'யில் பெரும்பகுதியும் வெயிலோடும் காற்றோடும் போய்விடுகிறது. உலர்கனியில் அது குறைந்த அளவிலேயே எஞ்சுகிறது. சர்க்கரையோ செறிந்து, மாவுப் பொருள்கள் நூற்றுக்கு 72 அளவுக்கு ஏறிவிடுகின்றன. ஆதலால் பழக்காலத்தில் பிள்ளைகள் பச்சைப் பழத்தையே கழுவி உண்ணட்டும். நீரிழிவு உடையோர் உலர்ந்ததைக் கண்டு கையைச் சுருக்கிக்கொள்ளட்டும்.

பாட்டி இன்று நம்மிடையே இல்லை. நாமும் அப்பங்கிலிருந்து மாற்றலாகிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆயினும் ஒவ்வோர் ஆண்டும் மாசி மாதத்தில் அவ்வூரிலிருந்து யாரேனும் வரும்போது ஒரு சிறு பொட்டலம் நம் கைக்கு வந்து சேரும். முன்பு நம்மிடம் நனைந்த உறையைப் பேசாமல் நீட்டிய அப்பெண்மணியே இப்போது அக்குழுவை நடத்துகிறார். பொட்டலத்தைப் பிரிக்குமுன், பழக்க தோஷத்தால் அதனை வெளிச்சத்தில் தூக்கி உட்புறத்தைப் பார்க்கிறோம். ஒரு துளியும் இருப்பதில்லை. பிறகு காதருகே வைத்து மெல்லக் குலுக்குகிறோம். வடைகள் சலசலக்கின்றன.

திண்ணையில் உபதேசியார் கொட்டைகளைக் கூட்டிக்கொண்டிருக்கிறார். இவ்வாண்டு அவற்றுள் சிலவற்றை வாங்கி, அறைவீட்டின் பின்புறத்து வெற்றிடத்தில் ஊன்றி வைத்திருக்கிறோம். முளைக்க நாளாகும் என்கிறார் அவர். ஆகட்டும் என்று சொல்லியிருக்கிறோம்.